ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்ற குரல்கள்

எங்கள் வடகாட்டூரில் கூடைப்பந்து ஆட்டம் ரெஃப்ரி விசில் ஊதியதும் முடிந்துவிடாது. அது கோர்ட்டை விட்டு இறங்கி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, சோலையப்பன் டீக்கடை பெஞ்சில் ஏறி உட்கார்ந்து, விளையாடிய பிள்ளைகள் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிப் போன பிறகும், பந்தை ஒருநாளும் கையால் தொட்டறியாத ஆம்பளைகளின் வாயில் இன்னொரு தரம் முதலிலிருந்து நடக்கும். யார் எங்கே பாஸ் கொடுத்திருக்க வேண்டும், யாருக்கு முழங்காலில் பலமில்லை, யாருக்குத் திமிர் கூடிப்போச்சு என்று அங்கே தீர்ப்பாகும், அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. நானும் இந்த ஊர்க்காரிதான். பெயர் ஈஸ்வரி, மோனிஷாவின் அம்மா. இதைக் கோபமில்லாமல் சொல்ல எனக்கு வராது, அதனால் கோபத்தோடேயே சொல்கிறேன்.

கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் இறுதி ஆட்டம் அந்த வருஷம் எங்கள் ஊர் கோர்ட்டில் நடந்தது. ஊரே கேலரியில் இருந்தது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே பாக்கி, எங்கள் கல்லூரி ஒரு புள்ளி முன்னால் நிற்கிறது, பந்து ஓரக்கோட்டைத் தாண்டி உருளுகிறது, ரெஃப்ரி எங்கள் பக்கம் கை காட்டுகிறார், கேலரி எழுந்து குதிக்கிறது. மோனிஷா மட்டும் அவரிடம் நடந்து போய், கடைசியில் அது என் விரலில்தான் பட்டது சார் என்று சொல்லிவிட்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். பந்து வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் போனது, போன வேகத்தில் கூடையில் விழுந்தது, நாங்கள் ஒரு புள்ளி பின்னால் ஆனோம். அடுத்த மூச்சில் பந்தோடு ஓடிய மோனிஷாவை ஒருத்தி இடித்துத் தள்ளினாள், அவளே கை கொடுத்துத் தூக்கியும் விட்டாள். எங்களுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது.

ஃப்ரீ த்ரோ என்றால், கூடைக்கு எதிரே போட்டிருக்கும் கோட்டில் தனியாக நின்று, யாரும் குறுக்கே வராமல், நிதானமாக எறிவது. அதற்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க்காரி அந்தக் கோட்டில் நின்றால் கேலரி தகரத்தைத் தட்டி, ஊளையிட்டு, அவள் கை நடுங்கும் வரைக்கும் விடாது. நம் பிள்ளை நின்றால் மட்டும் கைக்குழந்தை அழுதால்கூட வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அன்றைக்கும் முதல் எறிக்கு அப்படித்தான் அடங்கியிருந்தது ஊர். பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. அந்த நொடியில் வழக்கம் செத்தது. எதிர் அணிக்கென்று சேர்த்து வைத்திருந்ததையெல்லாம், அதற்கு மேலேயும், எங்கள் ஊர் ஆம்பளைகள் எங்கள் ஊர்ப் பிள்ளை மேல் கொட்டினார்கள். அவள் இரண்டாவதையும் எறிந்தாள், அதுவும் விழவில்லை, ஒரு புள்ளியில் கோப்பை போனது.

சோலையப்பன் கடையில் அன்றைக்கு நடந்த விசாரணையில் மூன்று கட்சிகள். அவள் காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்றுவிட்டாள் என்றது ஒரு கட்சி. விற்கவில்லை, அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளை என்று பெயர் வாங்க ஆசைப்பட்டுவிட்டாள் என்றது இன்னொரு கட்சி. உண்மை சொன்னது சரிதான், ஆனால் உண்மை சொல்கிறவளுக்குக் குறி தப்பாத கையும் இருக்க வேண்டும் அல்லவா என்றது மூன்றாவது. மூன்றாவது கட்சிக்குத் தலைமை தாங்கியது என் வீட்டுக்காரர் தவமணி. பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறவர், ஊர் கூடைப்பந்து ரசிகர் மன்றத்தின் செயலாளர். பெற்ற மகளுக்காக ஊரோடு சண்டை போட்டேன் என்று வீட்டுக்கு வந்து அவர் சொன்னபோது, எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. மோனிஷா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

மறுநாள் காலையில் கோர்ட்டைக் கூட்டப் போன ஆள், அந்த ஃப்ரீ த்ரோ கோட்டைத் தாண்டும்போது துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. நேற்றுக் கத்தியதெல்லாம் கலையாமல் அங்கேயே இருந்தது. கோட்டில் ஆள் நின்றால் பேசியது, இறங்கினால் அடங்கியது, மறுபடி ஏறினால் மறுபடி முதலிலிருந்து: எவ்வளவுடி வாங்குன, போயி எருமை மேய்டி, காலேஜு சோத்தத் தின்னுட்டுக் காட்டிக் கொடுத்த கழுதை, அந்த ரெஃப்ரிக்கும் உனக்கும் என்னடி. எல்லாம் அவரவர் சொந்தக் குரலில், அவரவர் இருமலோடு, பல் போனவர் குரல் பல் போன மாதிரியே.

எங்கள் ஊர் இதற்கெல்லாம் அசந்து போகிற ஊர் இல்லை. நகராட்சி, தண்ணி லாரியைக் கொண்டுவந்து கழுவியது. குரல்கள் நனைந்த குரலாகப் பேசின, காய்ந்ததும் பழையபடி ஆயின. கோயில் பூசாரியைக் கூட்டிவந்து சாம்பிராணி போட்டார்கள். பூசாரி கோட்டில் ஏறி நின்றதும் அவருடைய குரலும் கூட்டத்தில் ஒன்றாகக் கேட்டது, தட்சிணை வாங்காமல் போய்விட்டார். ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டார்கள். பாட்டுக்கு மேலே கேட்டது. கடைசியில் பழைய கோட்டை அழித்து ஒரு சாண் தள்ளிப் புதுக் கோடு போட்டார்கள், குரல்களும் ஒரு சாண் தள்ளி வந்து நின்றன. அதோடு விட்டுவிட்டார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள், கோர்ட்டு வாசலில் கரும்பு ஜூஸ் வண்டி ஒன்று நிரந்தரமாக நிற்க ஆரம்பித்தது, சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளைகளைக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன் என்று வாத்தியார்கள் மிரட்டினார்கள்.

ஆம்பளைகள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. என் குரல் மாதிரிதான் இருக்கு, ஆனா நானில்லை என்றார்கள். அன்றைக்கு எனக்குத் தொண்டைக்கட்டு, பேச்சே வரவில்லை என்றார் ஒருத்தர், அவருடைய குரல்தான் எல்லாவற்றிலும் மணிமணியாகக் கேட்டது. பொம்பளைகள் ரேஷன் கடை போகிற சாக்கில் கோர்ட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டில் நின்று கேட்டு, யார் வீட்டு ஆள் எந்தச் சொல் என்று அடையாளம் கண்டு, வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பல வீடுகளில் குழம்பில் உப்புச் சேரவில்லை. நான் போகவில்லை. காலையில் வாழைக்காய் மண்டிக்கு எடை போடப் போய்விடுவேன், சாயங்காலம் போக மனசு வராது. ஒரு தரம் நேரில் கேட்டதே காதில் ஈயமாகக் கிடந்தது.

போனவள் மோனிஷா. விடிந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கோட்டில் நிற்பாள். வேறு வழியில்லை. தை மாசம் ரயில்வே டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் எங்கள் ஊர் கோர்ட்டில்தான் தேர்வு, தேர்வில் முதல் காரியமே ஃப்ரீ த்ரோ. தேறினால் வேலை, சம்பளம், சென்னையில் ஹாஸ்டல். தேறாவிட்டால் அவள் அத்தை பார்த்து வைத்திருக்கிற போடிநாயக்கனூர் மாப்பிள்ளை, சித்திரையில் முகூர்த்தம். அவளுக்கு இருந்தது அந்த ஒரு வாசல்தான். ஓடிக்கொண்டே எறிந்தால் அவளுக்கு எல்லாம் விழும். கோட்டில் நின்று எறிந்தால், குரல்கள் சுற்றி எழும், முழங்கை இறுகும், பந்து வளையத்துக்குக்கூடப் போகாது. இப்படியே கார்த்திகை முழுக்கப் போனது.

குரல் போகிற வழியைக் கண்டுபிடித்தது மிட்டாய்க் கடை கருத்தபாண்டியின் பெண்டாட்டி. எருமை மேய்க்கச் சொன்னது தன் புருஷன்தான் என்று தெரிந்ததிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. பேசாமல் இருந்து இருந்து பொறுக்க முடியாமல் போன ஒரு காலையில், சட்டை காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, மோனிஷா எறிந்துகொண்டிருந்த கோட்டிலேயே நிறுத்திவிட்டாள். அவனுடைய குரல் அவன் காதுக்குள்ளேயே கத்தியது. என் பிள்ளை பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "ஆமாத்தா, நாந்தேன் கத்துனேன். தப்புத்தேன்" என்று அவன் சொல்லி முடித்ததும் அந்த ஒரு குரல் நின்றது. அவன் தொண்டையில் ஏதோ இறங்குவது எல்லாருக்கும் தெரிந்தது, மீன் முள்ளை விழுங்கியவன் மாதிரி கண்ணில் தண்ணி வர நின்றான். அவன் கணக்கு அதோடு தீர்ந்தது.

அதன் பிறகுதான் என் வீட்டுக்காரர் களத்தில் இறங்கினார். ரயில்வேக்காரர்கள் வந்து நிற்கும்போது ஊர் மானம் இப்படிக் காற்றில் கிடக்கலாமா என்று ரசிகர் மன்றத்தைக் கூட்டினார். மார்கழி முடிவதற்குள் ஒவ்வொருத்தரும் வந்து அவரவர் குரலை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் போட்டார். யாரும் பார்க்காத நேரத்தில் வந்து கோட்டில் நின்று முணுமுணுத்துவிட்டுப் போன சிலருக்குக் குரல் போகவில்லை. மோனிஷா எதிரில் நிற்க வேண்டும், அவள் காதில் விழ வேண்டும், தான்தான் என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் போனது. அதனால் அவள் பயிற்சி செய்கிற காலை நேரத்தில் ஆம்பளைகள் வரிசையில் நின்றார்கள், என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வரிசையை ஒழுங்கு செய்தார்.

என்ன வரிசை அது, கரண்ட் பில் கட்ட வந்தவர்கள்கூட அதைவிட மரியாதையாக நிற்பார்கள். சீக்கிரம் விடும்மா, கடை திறக்கணும் என்றார் ஒருத்தர். கூட்டத்தில் எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன், இதைப் பெரிசு பண்ணாதே என்றார் இன்னொருத்தர். தப்பு என்று சொன்ன கையோடு, ஆனா ஒண்ணும்மா, முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கியிருந்தா விழுந்திருக்கும் என்று சொல்லாமல் போனவர் ரொம்பக் குறைவு. அவளை உண்மை சொல்லவிட்டது யார், கோச் என்ன பண்ணிக்கொண்டிருந்தார் என்று வரிசைக்குள்ளேயே வாக்குவாதம் கிளம்பி, கையை நீட்டி, சட்டையைப் பிடித்து, மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் ஆட்டத்தை மறுபடி ஒரு தரம் தோற்றார்கள். மோனிஷா எல்லாருக்கும் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் தன் அப்பாவின் நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை என்பதை மண்டிக்குப் போகிற வழியில் வெளியே நின்று பார்த்த நான் கவனித்தேன். ஆனால் ஒன்றும் புரியவில்லை.

ஒவ்வொன்றாகப் போய்க் கூட்டம் கலைந்தது. பல் போனவர், பூசாரி, தொண்டைக்கட்டுக்காரர், எல்லார் குரலும் போயிற்று. மார்கழிக் கடைசியில் ஒரு காலை மண்டிக்கு லீவு போட்டுவிட்டு நான் கோர்ட்டுக்குப் போனேன். இனிமேல் சுத்தமாக இருக்கும், பிள்ளை எறிவதை ஒரு நாளாவது நிம்மதியாகப் பார்க்கலாம் என்று போனேன். அவள் கோட்டில் ஏறினாள். மற்றதெல்லாம் போய்விட்டதால், அடியில் கிடந்த ஒன்றே ஒன்று இப்போது தனியாக, கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி தெளிவாகக் கேட்டது.

"பொறந்த அன்னிக்கே இவ கதைய முடிச்சிருக்கணும்."

அது தவமணியின் குரல். அத்தனை வருஷம் ஒரே வீட்டில் கேட்ட குரலை எனக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் இது சும்மா வாயில் வருகிற வசவு இல்லை. எங்கள் அம்மா காலத்தில் எந்தெந்த வீட்டில் அந்தக் கதை முடிந்தது என்று எனக்குத் தெரியும், அந்த வீட்டுப் பொம்பளைகள் கல்யாண வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். மோனிஷா பிறந்தபோது என் மாமியார் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து பேசியதும் எனக்குத் தெரியும். அன்றைக்குத் தன் அம்மாவை அதட்டி வீட்டுக்கு அனுப்பியவர் இந்த மனுஷன்தான். அதற்காகத்தான் இத்தனை வருஷம் இவரிடம் நான் எதையெல்லாமோ பொறுத்துக்கொண்டேன்.

உனக்கு எப்போது தெரியும் என்று மகளைக் கேட்டேன். அன்னைக்கே தெரியும்மா என்றாள். மத்தவங்க கத்துனது இரைச்சலாத்தான் கேட்டது, இது ஒண்ணுதான் பேச்சா கேட்டது என்றாள். ஊர்ப் பொம்பளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போய் அவர் முன்னால் நின்றேன். வெளியூர்க்காரன் எவனோ என்றார் முதலில். அப்புறம், ஆட்டச் சூட்டில் வாய் தவறியது என்றார். அப்புறம், பெத்தவனுக்குக் கோபப்பட உரிமை இல்லையா என்றார். ஊரையே வரிசையில் நிறுத்திய செயலாளர், தானும் அந்த வரிசைதான் என்று தெரிந்தால் நாளைக்கு எவன் மதிப்பான் என்று கடைசியில் உண்மையைச் சொன்னார். "ஊர் மதிப்பு பெருசா, அவ பெருசா?" என்று கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு வைத்தேன், பேச்சு வைக்கவில்லை.

மறுநாள் காலை அவர் கோர்ட்டுக்கு வந்தார், வரவில்லை என்று சொல்ல மாட்டேன். மகள் எதிரில் கோட்டில் நின்று, யாரோ தெரியாத்தனமாகச் சொன்னதுக்கு ஊர் சார்பாக வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன் என்று மேடையில் பேசுகிற மாதிரி பேசினார். அவர் பேசி முடித்ததும் அவருடைய குரல் அவர் காலடியிலிருந்தே மறுபடி அதைச் சொன்னது. மோனிஷா அவர் இறங்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, ஏறி நின்று எறிந்தாள். அது விழவில்லை. அடுத்ததும் விழவில்லை. அதற்கடுத்தது விழுந்தது. அதன் பிறகு, அவர் ஒத்துக்கொள்வார் என்று அவள் காத்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். அந்தப் பேச்சு எப்போது தொடங்கும், எவ்வளவு இழுக்கும், எங்கே மூச்சு வாங்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. அது தொடங்கும்போது பந்தைத் தரையில் தட்டுவாள், அது முடியும்போது எறிவாள். தை பிறப்பதற்குள் பத்துக்கு எட்டு விழுந்தது.

தேர்வன்று கேலரி நிறைந்துவிட்டது. சென்னையிலிருந்து வந்த தேர்வாளரம்மா, அவரும் ஒரு காலத்தில் இந்தியாவுக்கு ஆடியவர் என்றார்கள், கையில் அட்டையோடு கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். முன்னால் வந்த பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்டுத் தடுமாறினார்கள், ஒருத்தி அழுதே விட்டாள். மோனிஷா ஏறினாள். குரல் சொன்னது, அவள் எறிந்தாள், விழுந்தது. குரல் சொன்னது, எறிந்தாள், விழுந்தது. கொடுத்த பந்தெல்லாம் விழுந்தது. எங்கள் ஊர் கேலரி மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது, வழக்கம் இப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது போலிருக்கிறது.

தேர்வாளரம்மா அட்டையிலிருந்து தலையைத் தூக்கி, யார் குரலம்மா அது என்று கேட்டார்.

"எங்க அப்பா, மேடம்" என்றாள் என் மகள். மெதுவாகவும் சொல்லவில்லை, கத்தியும் சொல்லவில்லை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

தவமணி கேலரியில் எழுந்து நின்றார். நாற்காலிகளுக்கு நடுவே தட்டுத்தடுமாறி இறங்கி, நாந்தேன், நாந்தேன் என்று சொல்லிக்கொண்டே கோட்டை நோக்கி வந்தார். இப்போதாவது வந்தாரே என்று ஊர் பெருமூச்சு விட்டது. எனக்கும் ஒரு நொடி நெஞ்சு இளகியது, அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம். அவர் கோட்டில் கால் வைக்கும் முன்பே மோனிஷா பந்தைத் தேர்வாளரம்மாவிடம் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்க வாசல் வழியாக வெளியே நடந்துவிட்டாள்.

வேலைக்கான கடிதம் மாசிக் கடைசியில் வந்தது. கிளம்புகிற நாள் காலையில், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தார் என் வீட்டுக்காரர். அங்கே நின்று, எதிரே தெரிந்த கோர்ட்டு வாசலைக் காட்டி, ரெண்டு நிமிஷம் உள்ள வாம்மா, நான் சொல்லிடுறேன், நீ கேட்டாப் போதும் என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். டீக்கடை பெஞ்சு மொத்தமும் எங்களையே பார்த்தது. கேட்டுவிட்டால்தான் என்ன, பெத்தவன்தானே, இதுதான் பெருந்தன்மை என்று பெஞ்சில் ஒருத்தர் ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

மோனிஷா அவர் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். "எனக்கு அங்க இனி வேலை இல்லப்பா. அது அங்கயே இருக்கட்டும்" என்றாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

இப்போதெல்லாம் அவர் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு கோர்ட்டுக்குப் போகிறார். கோட்டில் ஏறி நின்று, நான்தான், நான்தான் சொன்னேன், தப்பு என்று சொல்கிறார், இப்போது மேடைப் பேச்சு மாதிரி இல்லை, வீட்டில் பேசுகிற மாதிரியே சொல்கிறார். அவர் சொல்லச் சொல்ல அவருடைய குரல் பழையதைச் சொல்கிறது. ஊரே என்னிடம் வந்து கெஞ்சுகிறது. போனில் கூப்பிட்டாவது பிள்ளையைக் கேட்க வை, பாவம் மனுஷன், இளைத்துவிட்டார் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மோனிஷா பேசுகிறாள், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்கிறாள், கோவையில் ஜெயித்தோம் என்கிறாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.